ஆஸ்டினுக்கு ஒரு கோடு

2013 மார்ச் கடைசியில் வடகொரிய அரசு ஊடகம் ஒரு புகைப்படம் வெளியிட்டது. நள்ளிரவு தாண்டி நடந்த அவசரக் கூட்டமாம். கிம் ஜாங் உன் மேசை முன்னால் உட்கார்ந்து ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ராணுவ உடுப்பில் தளபதிகள், சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதன் தலைப்பு: அமெரிக்க நிலப்பரப்பின் மீதான தாக்குதல் திட்டம். ரகசியத் திட்டத்தைச் சுவரில் மாட்டி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து உலகத்துக்கே கொடுக்கும் ராணுவம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் பசிபிக் கடலைத் தாண்டிச் சில கோடுகள். ஹவாய்க்கு ஒன்று, சரி. கடற்படைத் தளம் இருக்கும் சான் டியாகோவுக்கு ஒன்று, சரி. வாஷிங்டனுக்கு ஒன்று, அதுவும் சரி. இன்னொரு கோடு டெக்சாஸில் ஆஸ்டின் பக்கமாகப் போய் முடிந்தது.

ஆஸ்டின்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். 'ஏன் ஆஸ்டின்?' என்று ஹேஷ்டேக் போட்டு விதவிதமாகக் கிண்டல் செய்து தள்ளினார்கள். நானும் சிரித்தவன்தான், மறைக்க என்ன இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஏவுகணை விட்டு, அதில் பாதி கடலில் விழுந்து, சோறு இல்லாத நாடு, ராத்திரியில் விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் இருட்டுத் திட்டாகத் தெரிகிற நாடு, இவர்கள் டெக்சாஸுக்குக் கோடு போடுகிறார்களாம்.

நாலே வருஷம். 2017 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஹ்வாசாங்-14 என்ற ஏவுகணையை ஏவி, இது அமெரிக்கர்களுக்கான பரிசுப் பொட்டலம் என்று அறிவித்தார்கள். அதே நவம்பரில் ஹ்வாசாங்-15. அந்த எண்களைப் பார்த்த பிறகு ஆஸ்டின் கோட்டை நினைத்துச் சிரிக்க வரவில்லை.

அந்த எண்கள் என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் 'ஜப்பான் கடலில் விழுந்தது' என்று மட்டும் படிக்கிற ஆளுக்கு ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவுதானா என்று தோன்றும். ஹ்வாசாங்-15 கிடைமட்டமாகப் போன தூரம் வெறும் 950 கிலோமீட்டர். ஆனால் அது மேலே போன உயரம் சுமார் 4,475 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது 400 கிலோமீட்டர் வாக்கில், அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். 53 நிமிடம் பறந்து கீழே விழுந்தது. பக்கத்திலேயே ஜப்பான் இருப்பதால் நேராக நீட்டி விட்டால் அதன் தலைக்கு மேலே போகும், பெரிய வம்பு, அதனால் கிட்டத்தட்ட செங்குத்தாக விடுகிறார்கள். கல்லைத் தலைக்கு நேர் மேலே எறிந்தாலும் கை வலு எவ்வளவு என்று தெரிந்துவிடும் அல்லவா, அதே கணக்கு. அந்தப் பாதையைச் சாய்த்துப் போட்டால் 13,000 கிலோமீட்டர் போகும் என்று டேவிட் ரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அன்றைக்கே கணக்குப் போட்டுச் சொன்னார். பியோங்யாங்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 11,000 கிலோமீட்டர்.

உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் கிடைத்தால் வைத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் கொரியாவிலிருந்து வாஷிங்டனுக்கு பசிபிக் முழுக்கத் தாண்ட வேண்டும் என்று தோன்றும். நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே போகிறது. சீனாவின் வடகிழக்கு மூலை, ரஷ்யாவின் சைபீரியா, ஆர்க்டிக் கடல், கனடா, அப்புறம் வாஷிங்டன். இந்த நூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சரி, தூரம் போய்விட்டது. போதுமா? போதாது, அதுதான் ஏவுகணையின் பிடிவாதம். மேலே போவதைவிடக் கீழே வருவது கஷ்டம். கண்டம் விட்டு கண்டம் பாயும் ஏவுகணையின் தலைப்பகுதி விநாடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழையும். பல ஆயிரம் டிகிரி வெப்பம், நடுக்கம், அழுத்தம், எல்லாம் தாண்டி உள்ளே இருக்கும் குண்டு உருக்குலையாமல் வந்து சரியான உயரத்தில் வெடிக்க வேண்டும். 2017 ஜூலை 28 இரவு இரண்டாவது ஹ்வாசாங்-14 விழுந்தபோது, ஹொக்கைடோவில் முரோரான் என்ற ஊரில் ஜப்பான் ஒளிபரப்பு நிறுவனம் வானிலைக்காகக் கூரைமேல் வைத்திருந்த கேமராவில் அந்த வெளிச்சம் பதிவானது. ஒரு ஒளிப்பொட்டு இறங்குகிறது, பிரகாசமாகிறது, மங்குகிறது, சட்டென்று காணாமல் போகிறது. மைக்கேல் எல்மன் என்ற ஏவுகணை நிபுணர் அந்தச் சில விநாடிக் காட்சியை வைத்துக்கொண்டு, தலைப்பகுதி சிதைந்துபோயிருக்க வேண்டும் என்றார். நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹாங்காங் போய்க்கொண்டிருந்த கேத்தே பசிபிக் விமானிகள், தூரத்தில் ஹ்வாசாங்-15 வெடித்துச் சிதறுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இதை வைத்துக்கொண்டு 'அவனிடம் வெப்பக் கவசம் இல்லை, ஆகவே கவலை இல்லை' என்று வாதாடுபவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. செங்குத்தாக விழும் தலைப்பகுதி வளிமண்டலத்தைச் சீக்கிரம் தாண்டிவிடும், சாய்வாக வருவது அதிக நேரம் வெந்துகொண்டே வர வேண்டும், இரண்டும் வேறுவேறு சோதனை. சாய்வான பாதையில், முழுத் தூரத்துக்கு, வடகொரியா இதுவரை ஒன்றைக்கூட விட்டுக் காட்டியதில்லை. தலையில் எவ்வளவு எடை வைத்து அனுப்புகிறார்கள் என்றும் சொல்வதில்லை, வெறும் தலையோடு விட்டால் உயரம் தானாகவே கூடும்.

போதாததற்கு பித்தலாட்டமும் உண்டு. 2022 மார்ச்சில் கிம் தோல் ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஸ்லோ மோஷனில் நடந்து வர, பின்னால் 11 அச்சு, 22 சக்கர லாரியில் ஹ்வாசாங்-17 வருகிற மாதிரி ஒரு வீடியோ வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மாஸ் என்ட்ரி. பறந்தது ஹ்வாசாங்-17 இல்லை, பழைய 15தான், படத்தில் இருப்பது சில நாள் முன்பு வெடித்துச் சிதறிய சோதனையின் காட்சி என்று தென்கொரிய ராணுவம் தன் நாடாளுமன்றத்திலேயே சொன்னது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வருஷம் நவம்பரில் ஹ்வாசாங்-17 நிஜமாகவே பறந்தது, 6,000 கிலோமீட்டருக்கு மேல் உயரம். அந்த முறை கிம் தன் மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்திருந்தார், வெள்ளைக் கோட்டில் ஒரு சிறுமி, உலகம் அவளை முதன்முதலாகப் பார்த்தது அந்த ஏவுகணைக்குப் பக்கத்தில்தான்.

இவர்கள் விஷயத்தில் எப்போதும் இப்படித்தான். முதலில் பொய், பிறகு தோல்வி, பிறகு நிஜம். 1998 ஆகஸ்ட் 31-ல் தேபோதோங்-1 ஜப்பானுக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த காலம் அது. செயற்கைக்கோளை ஏவிவிட்டோம், அது விண்ணிலிருந்து கிம் இல் சுங் புகழ் பாடும் பாட்டை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அந்தப் பாட்டு வேறு யார் காதிலும் விழவில்லை. 2006 ஜூலையில் தேபோதோங்-2 கிளம்பி 40 விநாடி வாக்கில் முடிந்தது. 2012 ஏப்ரலில் வெளிநாட்டு நிருபர்களை வரவழைத்து விட்ட ராக்கெட் உடைந்தது. அதே டிசம்பரில் செயற்கைக்கோள் நிஜமாகவே சுற்றுப்பாதைக்குப் போனது. 2017 மார்ச்சில் ஒரு புதிய எஞ்சின் சோதனை வெற்றியானதும் கிம் ஒரு ராணுவ அதிகாரியை முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு நின்ற படம் வந்தது. அந்தப் படத்தையும் கேலி செய்தோம். அந்த எஞ்சின் வகைதான் அந்த வருஷமே 4,475 கிலோமீட்டர் உயரத்துக்குத் தள்ளியது.

இன்னொன்று, உயரத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது எரிபொருள். ஹ்வாசாங்-17 வரை திரவ எரிபொருள். அது நச்சு, உலோகத்தையே அரிக்கும், அதை நிரப்ப நேரமும் வண்டிகளும் ஆட்களும் வேண்டும், மேலே செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கும். 2023 ஏப்ரலில் வந்த ஹ்வாசாங்-18 திட எரிபொருள். தொழிற்சாலையிலேயே அடைத்து வைத்ததுதான், பட்டாசு மாதிரி. சுரங்கத்திலிருந்து லாரி வெளியே வந்து, நிமிர்த்தி, ஏவிவிட்டுப் போய்விடலாம். 2024 அக்டோபர் 31-ல் ஹ்வாசாங்-19, அதுவும் திட எரிபொருள், 7,600 கிலோமீட்டருக்கும் மேல் உயரம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பறந்தது. ஏவுவதற்கு முன்பே அடித்து நொறுக்கிவிடலாம் என்ற திட்டம் எந்த ராணுவத் தளபதியின் மேசையில் இருந்ததோ, அது இப்போது ரொம்பவே கனத்துப்போயிருக்கும்.

ஆக, போய்ச் சேருமா என்றால், சேரக்கூடும். எல்லாம் சேருமா என்றால், சேராது. ஆனால் இங்கேதான் அந்த வெப்பக் கவச வாதம் எனக்கு உடைகிறது. பத்தில் மூன்று சரியாக வேலை செய்யும் என்று வையுங்கள். மூன்று நகரம். பத்தில் ஒன்று என்றே வையுங்கள். எந்த அமெரிக்க ஜனாதிபதி 'ஒரு நகரம்தானே, பரவாயில்லை' என்று கையெழுத்துப் போடுவார்? நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி வேண்டும் என்பது வாடிக்கையாளருக்குச் செயற்கைக்கோள் ஏவித் தரும் கம்பெனிக்குரிய கவலை. பயமுறுத்துகிறவனுக்குச் சந்தேகம் போதும்.

எதற்காகப் பயமுறுத்துகிறான் என்று கேட்டால் பதில் ரகசியம் ஒன்றும் இல்லை, அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கொரியப் போரில் அமெரிக்கா அந்தத் தீபகற்பத்தில் போட்ட குண்டு 6 லட்சம் டன்னுக்கு மேல், நாபாம் என்ற தீக்குண்டு தனி. 1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. 1958 முதல் 1991 வரை அமெரிக்க அணு ஆயுதங்கள் தென்கொரிய மண்ணிலேயே இருந்தன. அப்புறம் சதாம். அப்புறம் லிபியாவின் கடாபி. 2003-ல் தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கொடுத்துவிட்டார், 2011-ல் வடிகால் குழாயில் ஒளிந்திருந்தவரை இழுத்து வந்து கொன்றார்கள். 2018-ல் டிரம்பும் கிம்மும் சிங்கப்பூரில் சந்திப்பதற்கு முன் டிரம்பின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் டிவியில் வந்து 'லிபியா மாதிரி' செய்யலாம் என்று சொன்னபோது வடகொரியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சந்திப்பே ஒருமுறை ரத்தாகிப் பிறகுதான் நடந்தது. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்பஹான் அணுசக்தி மையங்கள் மூன்றிலும் அமெரிக்கக் குண்டு விழுந்தது. ஈரானிடம் அணுகுண்டு இல்லை. பியோங்யாங்கில் யாராவது அன்று 'நல்லவேளை' என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

அதற்காகக் கிம்மை நியாயவான் ஆக்கிவிடாதீர்கள். தன் மக்களை அடைத்துவைத்து, கும்பிடவைத்து, அவர்கள் வயிற்றில் அடித்துச் செய்த ஆயுதம் இது. பைத்தியக்காரன் இல்லை என்றுதான் சொல்கிறேன், நல்லவன் என்று சொல்லவில்லை. ஏவிய அடுத்த நாள் தன் நாடு இருக்காது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்கா நிலத்தடிக் குழிகளில் மட்டும் 400 மினிட்மேன் ஏவுகணைகளைத் தயாராக வைத்திருக்கிறது, நீர்மூழ்கிக் கப்பல்களில் இருப்பதைச் சேர்க்கவே இல்லை.

என் கணக்கில், இந்த ஏவுகணை மிரட்டுவது லாஸ் ஏஞ்சலஸை இல்லை, அமெரிக்கா சியோலுக்குக் கொடுத்த வாக்கை. 1961-ல் பிரான்சின் டி கோல் கென்னடியிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்கத் தயாரா என்று. கென்னடி என்ன சொல்லியும் அவருக்குத் திருப்தி வரவில்லை, முந்தைய வருஷமே வெடித்துப் பார்த்திருந்த சொந்தக் குண்டை பிரான்ஸ் கைவிடவில்லை. இன்று பாரிஸ் இருந்த இடத்தில் சியோல். எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, தென்கொரியாவின் பாதி ஜனத்தொகை அந்த நகரமும் அதன் சுற்றுப்புறமும்தான், வடக்கின் பீரங்கிகளுக்கே அது எட்டும், அமெரிக்காவை எட்டும் ஏவுகணை எதற்கு? 28,500 அமெரிக்கத் துருப்புகள் அங்கே இருக்கிறார்கள். சண்டை வந்தால் அமெரிக்கா வரும் என்பதுதான் 70 வருஷ ஏற்பாடு. 'வந்தால் உன் ஊருக்கு ஒன்று போகும்' என்று அந்த ஏற்பாட்டில் ஒரு வரி சேர்த்ததுதான் ஹ்வாசாங்.

அந்த வரி வேலை செய்கிறது என்பதற்கு ஏவுகணை பறக்கவே வேண்டாம். தென்கொரியக் கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஏழு பேர் நமக்கே அணுகுண்டு வேண்டும் என்கிறார்கள். 2023 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி யூன் சுக் யோல் அதை வாய்விட்டே சொன்னார். அவரைச் சமாதானப்படுத்த அமெரிக்கா ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பிரகடனம் எழுதிக்கொடுத்து, ஜூலையில் அணு ஆயுத ஏவுகணைகள் தாங்கும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை பூசானுக்கு அனுப்பியது. 1981-க்குப் பிறகு அப்படி ஒரு கப்பல் அங்கே வந்தது அதுதான் முதல்முறை. நண்பனுக்கே நம்பிக்கை கொடுக்க நீர்மூழ்கி அனுப்ப வேண்டியிருக்கிறது என்றால், எதிரி ஏற்கெனவே எதையோ சம்பாதித்துவிட்டான்.

கடிக்காதே என்றுதான் சொன்னேன், சீறாதே என்றா சொன்னேன் என்று சாமியார் பாம்பைக் கேட்ட கதை நமக்குத் தெரியும். கிம்மின் ஏவுகணை அந்தச் சீறல் மட்டும்தான் என்று சொல்லி முடித்திருப்பேன், ஆனால் இந்தப் பாம்பு குட்டிகளை வேறு விற்கிறது. பாகிஸ்தானின் கௌரி, ஈரானின் ஷஹாப்-3, இரண்டுக்கும் மூலம் நோதோங் என்ற வடகொரிய ஏவுகணை. 1999-ல் குவோல்சான் என்ற வடகொரியக் கப்பலை குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் நம் சுங்கத்துறையினர் சோதித்தபோது, தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனம் என்று எழுதியிருந்த பெட்டிகளில் ஏவுகணைப் பாகங்களும் வரைபடங்களும் இருந்தன. 2024 ஜனவரியிலிருந்து உக்ரைனின் கார்கிவில் விழுந்த ஏவுகணைகளில் சில வடகொரியத் தயாரிப்பு. அப்படி விழுந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்ட வெளிநாட்டு மின்னணுப் பாகங்களில் பெரும்பங்கு அமெரிக்க நிறுவனங்களின் பெயர் தாங்கியவை. இத்தனை தடைகளுக்கும் பிறகு! அந்தத் தடைகளைக் கண்காணித்த ஐநா நிபுணர் குழுவும் இப்போது இல்லை, 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு அதற்கு மூடுவிழா நடத்தியது. கிம்மின் ஏவுகணையால் நிஜமாகச் செத்தவர்கள் இருக்கும் ஊர் கார்கிவ். ஆனால் தலைப்புச் செய்தி என்னவோ கலிபோர்னியாவைப் பற்றியே வருகிறது.

கலிபோர்னியாவைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? 44 இடைமறிப்பு ஏவுகணைகள், அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் 40, கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் 4. நடந்த சோதனைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வெற்றி, அதுவும் எப்போது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு நடத்திய சோதனைகள். வருகிற ஒன்றை அடிக்க நம்பிக்கைக்காக நாலு விடுவார்கள் என்று வைத்துக்கொண்டால், 44-ஐ நாலால் வகுங்கள், 11. 2023 பிப்ரவரி 8 இரவு பியோங்யாங் அணிவகுப்பில் வரிசையாக வந்த ஹ்வாசாங்-17 மட்டும் பத்துக்குக் குறையாது. எண்ணித்தான் அனுப்பியிருப்பார்கள் போல. காற்றே இல்லாத வெளியில், ஏமாற்றுவதற்காகக் கூடவே விடும் ஒரு பலூனும் அணுகுண்டும் ஒரே வேகத்தில் போகும், எது எது என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் தீராத தலைவலி.

இந்தக் காப்பு ஏற்பாட்டின் வரலாறு இன்னும் சுவாரசியம். 1967 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா, சோவியத் யூனியனுக்கு எதிராக ஏவுகணைத் தடுப்பு அமைப்பது வீண் என்று நீளமாக, அழகாக விளக்கிவிட்டு, கடைசியில் சீனாவுக்கு எதிராக ஒன்று அமைக்கப்போகிறோம் என்று அறிவித்தார். அன்றைய சீனா யார்? தனித்து நின்ற, ஏழை, கலாச்சாரப் புரட்சியில் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்த நாடு, மாவோ பைத்தியம், அணுகுண்டு வந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் போடுவார். இப்போது கிம்மைப் பற்றி எழுதுவதை அப்படியே பெயர் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சீனா தன் ஏவுகணையை முழுத் தூரத்துக்குப் பசிபிக்கில் ஏவிக் காட்டியது 1980 மே மாதம். அதற்குள் நிக்சன் பீஜிங் போய் மாவோவோடு கைகுலுக்கிவிட்டு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

1998 ஜூலையில் முன்னாள் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் தலைமையிலான குழு, வடகொரியா முடிவெடுத்தால் ஐந்தே வருஷத்தில் அமெரிக்காவை எட்டிவிடும் என்றது. அடுத்த மாதமே தேபோதோங் பறந்து அவர் வாய்க்குச் சர்க்கரை போட்டது. நிஜத்தில் எட்ட 19 வருஷம் ஆனது. பயந்தவர்களுக்குத் தேதி தவறியது, திசை தவறவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்து நடந்த காரியம்? 1972-ல் சோவியத்தோடு போட்ட ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002-ல் புஷ் அரசு வெளியேறியது, காரணம் கேட்டால் இந்த மாதிரிச் சண்டி நாடுகள். 2018 மார்ச்சில் புதின் புதுப்புது அணு ஆயுதங்களைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது, காரணம் கேட்டால் அந்த வெளியேற்றம். கடலில் விழுந்த ஒரு ராக்கெட்டும் விண்ணில் யாருக்கும் கேட்காத ஒரு பாட்டும் எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள். 2025 மே மாதம் டிரம்ப் அறிவித்த 'தங்கக் கூரை' (கோல்டன் டோம்) என்ற ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கு அவர் சொன்ன விலை 175 பில்லியன் டாலர். கிம் மட்டும் இல்லையென்றால் யாராவது ஒரு கிம்மைக் கண்டுபிடித்திருக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த நூலை எடுங்கள். அமெரிக்கா தன் நிலத்திலிருந்து மினிட்மேன்களை வடகொரியாவை நோக்கி ஏவினால் அவை போகும் வழி ரஷ்யாவுக்கு மேலே. 'உனக்கில்லை, பக்கத்து வீட்டுக்கு' என்று அந்தச் சில நிமிடத்தில் மாஸ்கோவுக்குப் புரியவைக்க வேண்டும், மாஸ்கோ நம்பவும் வேண்டும். எனக்குக் கிம் வேண்டுமென்றே ஏவுவார் என்ற பயம் குறைவு. யாரோ எதையோ தப்பாகப் பார்த்து, தப்பாகப் புரிந்துகொண்டு, 20 நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலைமையைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 2022 செப்டம்பரில் வடகொரியா போட்ட சட்டப்படி, தலைமைக்கு ஆபத்து வந்தால் அணு ஆயுதத் தாக்குதல் தானாகவே நடக்கும். 'தானாகவே' என்ற சொல்லை ஒரு சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த 20 நிமிடம் எப்படி இருக்கும் என்று ஒரு ஊருக்கு மட்டும் தெரியும். 2018 ஜனவரி 13, சனிக்கிழமை, காலை 8 மணி 7 நிமிடம். ஹவாயில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது: ஏவுகணை ஹவாயை நோக்கி வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை. பணிமாற்ற நேரத்து ஒத்திகையில் ஓர் ஊழியர் நிஜ எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். தெருவில் சாக்கடை மூடியைத் திறந்து ஒருவர் குழந்தைகளை உள்ளே இறக்குகிற வீடியோ கூட வந்தது. மாநில ஆளுநர் டேவிட் இகேவுக்கு இரண்டே நிமிடத்தில் இது பொய் எச்சரிக்கை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ட்விட்டரில் அதைச் சொல்ல அவருக்குச் சுமார் 15 நிமிடம் ஆனது. தன் ட்விட்டர் கணக்கில் நுழையும் விவரம் தெரியவில்லை என்று பிற்பாடு நிருபர்களிடம் அவரே சொன்னார். போன்களுக்குத் திருத்தம் வந்தது 8 மணி 45 நிமிடத்துக்கு, 38 நிமிடம் கழித்து. வடகொரியாவிலிருந்து ஹவாய்க்கு ஏவுகணை வந்து சேர சுமார் 20 நிமிடம் போதும்.